பாவும் ஊடையும் தெரியாத துணி

கும்பகோணத்தை அடுத்த திருபுவனத்தில், பட்டுத் தறி ஓடும் வீட்டில் பிறந்து வளர்ந்தவன் நான். 2015 நவம்பரில் வேலைக்காக பெர்லின் சென்று, நான்கு குளிர்காலங்களை அங்கே கழித்துவிட்டு 2019-இல் ஊர் திரும்பினேன். இப்போது என் அக்கா மகள் மேற்படிப்புக்காக அதே நகரத்துக்குப் புறப்படுகிறாள். சென்ற வாரம் அவள் தான் வாங்கி வந்திருந்த கறுப்புக் கோட்டைப் பையிலிருந்து எடுத்து ஊஞ்சல் பலகையில் விரித்து, “மாமா, இது அந்தக் குளிருக்குப் போதுமா?” என்று கேட்டாள். கையை வைத்தவுடனேயே எனக்கு நெஞ்சு கனத்தது. ஏனென்றால் அது நான் 2015-இல் எடுத்துச் சென்ற கோட்டின் உடன்பிறப்பு. அந்தக் கோட்டுடன் நான் பட்டதையும், பிறகு கற்றுக்கொண்டதையும் அவளுக்குச் சொன்னபோது, டெல்டாவிலிருந்து குளிர்நாடுகளுக்குக் கிளம்பும் மற்றப் பிள்ளைகளுக்கும் இது பயன்படும் என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

நம் ஊரில் மார்கழி விடியற்காலையில் 20 டிகிரிக்கு இறங்கினாலே காதை மூடிக்கொண்டு மஃப்ளர் சுற்றிக்கொள்கிறோம். அந்தக் குளிரை மட்டுமே அறிந்தவனுக்குக் கோட் வாங்கும்போது கண்ணில் படுவது அதன் பருமன் ஒன்றுதான். நான் 6,500 ரூபாய் கொடுத்து வாங்கிய கோட் பருமனாகத்தான் இருந்தது. கடைக்காரர் “ப்யூர் உல்லன் சார், ஃபாரினுக்குப் போறவங்க எல்லாம் இதைத்தான் எடுக்கிறாங்க” என்றார். தோளிலும் மார்பிலும் பஞ்சு வைத்துத் தைத்திருந்தார்கள். உள்ளே பளபளவென்று லைனிங் இருந்தது. தொடைக்குப் பாதியில் முடிந்தது. எந்த இழை எவ்வளவு சதவீதம் என்று சொல்லும் சீட்டு அதில் இல்லை. இருபது ஆண்டுகள் பட்டு விற்பதைப் பார்த்து வளர்ந்த நான் அதைத் தேடிப் பார்க்கவும் இல்லை.

ஜனவரி முதல் வாரத்தில் ஒருநாள் காலை கைப்பேசி மைனஸ் 8 என்று காட்டியது. வீட்டிலிருந்து அலுவலகத்துக்கு ஷ்ப்ரே ஆற்றின் மேலுள்ள ஓபர்பாவும் பாலத்தைக் கடந்து நடக்க வேண்டும். பத்து நிமிட நடைதான். பாலத்தின் நடுவில் ஆற்றுக் காற்று எதிரே வந்து மோதியபோது, கோட் போட்டிருக்கிறோமா இல்லையா என்றே சந்தேகமாகிவிட்டது. காற்று துணியின் ஊடாகவே நுழைந்தது. பொத்தான்களுக்கு இடையே நுழைந்தது, கோட்டுக் கையின் வாய்வழியாக முழங்கை வரை ஏறியது. கோட் முடிந்த இடத்துக்குக் கீழே, தொடையும் முழங்காலும் முதலில் எரிந்தன, பிறகு மரத்தன. எங்கள் ஊர்க் கோயிலில் இருக்கும் கம்பகரேசுவரருக்கு ‘நடுக்கம் தீர்த்த பெருமான்’ என்று பெயர். சிறு வயதிலிருந்து சொல்லி வந்த அந்தப் பெயரின் முதல் சொல்லை உடம்பால் உணர்ந்தது அந்தப் பாலத்தில்தான்.

அன்றிரவு அப்பாவிடம் தொலைபேசியில் சொன்னேன். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் தறியில் உட்கார்ந்தவர் அவர். நான் சொல்லி முடிக்கும் வரை கேட்டுவிட்டு, “உள்மடிப்புல ஒரு இழையை உருவிக் கொளுத்திப் பாருடா” என்றார். பட்டு எடுக்க வருகிறவர்களுக்கு முன்னால் அவர் எத்தனையோ முறை செய்துகாட்டிய சோதனைதான் அது. பட்டும் கம்பளியும் உயிரிடமிருந்து வருகிறவை, இரண்டும் புரத இழைகள். தீயில் காட்டினால் மெதுவாகக் கருகும், முடி கருகும் வாடை வரும், தீயை விலக்கினால் பெரும்பாலும் தானே அணைந்துவிடும், மிஞ்சியதை விரலால் நசுக்கினால் பொடியாகும். பாலியஸ்டர் அப்படி அல்ல. உருகிச் சுருண்டு, ஆறியதும் கடுகுபோலக் கெட்டியான மணியாக நிற்கும். என் இழை உருகியது. வாடையும் முடி வாடையல்ல, பிளாஸ்டிக் வாடை. அக்ரிலிக்கோ பாலியஸ்டரோ கலந்த துணியைக் கம்பளி என்று நம்பி ஏழாயிரம் கிலோமீட்டருக்கு மேல் சுமந்து சென்றிருக்கிறேன். சோதித்துப் பார்க்க நினைப்பவர்கள் இடுக்கியால் இழையைப் பிடித்து, கீழே ஒரு தட்டை வைத்துக்கொண்டு செய்யுங்கள். உருகும் இழை கையில் ஒட்டினால் புண்ணாகும்.

ஆனால் கம்பளியாக இருந்தால் மட்டும் போதாது என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. குளிரைத் தடுப்பது இழை அல்ல, இழைகளுக்கு நடுவே அசையாமல் நிற்கும் காற்று. அறுவடை முடிந்து களத்தில் போட்ட வைக்கோல் போருக்குள் கையை நுழைத்துப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெளியே பனி இறங்கியிருந்தாலும் உள்ளே இளஞ்சூடு இருக்கும். ஆட்டு ரோமம் இயற்கையிலேயே சுருள் சுருளாக வளைந்திருப்பதால் ஒன்றோடொன்று படிந்துவிடாமல் நடுவில் காற்றைப் பிடித்துக்கொள்கிறது. வெளிக்காற்று துணிக்குள் புகுந்து அந்தச் சூடான காற்றைத் தள்ளிவிட்டால் எவ்வளவு உயர்ந்த கம்பளியும் பயனில்லை. ஆகவே ஓவர்கோட் துணிக்கு இரண்டு வேலைகள்: உள்ளே காற்றைப் பிடித்துவைப்பது, வெளிக்காற்றை நுழையவிடாமல் அடைப்பது. இந்த இரண்டாவது வேலையைத்தான் வாங்குகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். தளர்வாக நெய்த மொத்தமான துணியை விட, நெருக்கமாகச் சுருக்கிய துணி நகரத் தெருவில் அதிகம் காக்கும்.

அப்படிச் சுருக்கிய துணிகளில் நான் அறிந்து பழகியது மெல்டன். இங்கிலாந்தின் லெஸ்டர்ஷர் பகுதியிலுள்ள மெல்டன் மோப்ரே என்ற ஊரின் பெயரால் வந்தது. கம்பளியை நெய்து முடித்த பிறகு வெந்நீரும் சோப்பும் சேர்த்து அடித்து அடித்துச் சுருக்குவார்கள். ரோமத்தின் மேலுள்ள நுண்ணிய செதில்கள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். நெய்த அகலம் குறைந்து துணி இறுகும். பிறகு மேற்பரப்பில் இழைகளை எழுப்பிச் சீராகக் கத்தரித்துவிடுவார்கள். ஆஸ்திரியா, பவேரியா மலைப்பகுதிகளின் லோடன் துணியும் இதே வழியில் இறுக்கப்பட்டதுதான். பெர்லினில், பிறர் பயன்படுத்திய பழைய துணிகளை விற்கும் கடைகளில் பச்சை நிற லோடன் கோட்டுகள் தொங்குவதைப் பார்க்கலாம். ட்வீட் என்ற சொரசொரப்பான கம்பளித் துணி பார்க்க அழகானது, உழைக்கும். ஆனால் தளர்ந்த நெசவுள்ள ட்வீட் காற்றடிக்கும் பாலத்துக்கு உதவாது.

என் இரண்டாவது கோட்டைப் பழைய துணிக் கடை ஒன்றில் 70 யூரோவுக்கு வாங்கினேன். புதிதாக அதே தரத்தில் எடுக்க வேண்டுமானால் அப்போது நான் பார்த்த கடைகளில் 300 யூரோவுக்குக் குறைவாக எதுவும் இல்லை. முதலில் உள்பக்கச் சீட்டைப் படித்தேன். ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் துணிகளில் எந்த இழை எத்தனை சதவீதம் என்று எழுதியிருக்க வேண்டும் என்பது சட்டம். ஜெர்மனியில் ‘ஷூர்வோல்லெ’ என்று எழுதியிருந்தால் ஆட்டிலிருந்து கத்தரித்து முதன்முறையாகப் பயன்படுத்திய புதுக் கம்பளி என்று பொருள். வெறும் ‘வோல்லெ’ என்றிருந்தால் பழைய துணியைப் பிரித்தெடுத்து மீண்டும் நூற்ற கம்பளியாகவும் இருக்கலாம். அது மோசம் என்று சொல்லமாட்டேன். ஆனால் பிரிக்கும்போது இழைகள் அறுந்து குட்டையாகிவிடுவதால், உரசும் இடங்களில் சீக்கிரம் உருண்டை உருண்டையாகப் பிசிறு கட்டும். நூல் பந்து போன்ற வூல்மார்க் முத்திரை 1964 முதல் புழக்கத்தில் இருக்கிறது, அதுவும் நம்பத்தகுந்த அடையாளம். நான் எடுத்த கோட்டில் 80 சதவீதம் ஷூர்வோல்லெ, 20 சதவீதம் பாலியமைடு, அதாவது நைலான். இந்தக் கலவையைக் கண்டு பயப்பட வேண்டாம். சிறிதளவு நைலான் சேர்ந்தால் முழங்கையும் பையின் விளிம்பும் தேயாமல் இருக்கும். கம்பளி 70 சதவீதத்துக்குக் கீழே இறங்கி மீதி அக்ரிலிக் அல்லது பாலியஸ்டர் என்றால்தான் நான் கோட்டைத் திரும்ப மாட்டிவிட்டு வந்துவிடுவேன்.

சீட்டுக்குப் பிறகு கை. கோட்டின் ஓரத்தை உள்ளங்கையில் இறுக்கிக் கசக்கிப் பிடித்து, பத்து வரை எண்ணி விட்டேன். நல்ல கம்பளி மூச்சு விடுவது போல விரிந்து பழைய நிலைக்கு வந்துவிடும், சுருக்கம் நிற்காது. அடுத்து, லைனிங் இல்லாத உள்மடிப்பை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தேன். புள்ளி புள்ளியாக வெளிச்சம் தெரிந்தால் அந்தப் புள்ளிகள் வழியாகத்தான் காற்றும் வரும். பின்பு அதே இடத்தில் வாயை வைத்து ஊதி, மறுபுறம் கையை வைத்துப் பார்த்தேன். மூச்சு தடுமாறி நின்றது. பழைய கோட் என்பதால் முழங்கை, கோட்டுக் கையின் விளிம்பு, காலரின் மடிப்பு ஆகிய மூன்று இடங்களையும் தனியாகப் பார்த்தேன். அங்கே மேற்பரப்பு வழுக்கையாகி நெசவு வெளியே தெரிந்தால் அந்தக் கோட்டின் ஆயுள் முடிந்துவிட்டது என்று பொருள்.

எடையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வாயால் சொல்வதை எடை பொய்யாக்கிவிடும். சூட் தைக்கும் சாதாரணக் கம்பளித் துணி, சுமார் 150 சென்டிமீட்டர் அகலத்தில், ஒரு மீட்டர் 250 முதல் 300 கிராம் இருக்கும். ஓவர்கோட் துணி 500 கிராமுக்கு மேல் இருக்க வேண்டும். 600, 700 என்று போகும்போதுதான் உறைபனி நாட்களுக்குத் தாங்கும். 400 கிராம் துணியில் தைத்தது இலையுதிர்காலத்துக்கான மேல்கோட்டுதான், அதை நடுக்குளிரில் போட்டு ஏமாறக் கூடாது. கடையில் துணியின் எடையைக் கேட்டால் பெரும்பாலும் தெரியாது என்பார்கள். கோட்டையே நிறுத்துப் பார்க்கலாம். ஊருக்கு வந்தபின் என் இரண்டு கோட்டுகளையும் தெருமுனைக் காய்கறிக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன். முதல் கோட் 1 கிலோ 100, இரண்டாவது 2 கிலோ 350. நீளத்திலும் வித்தியாசம் உண்டு என்றாலும், இரண்டுக்கும் நடுவிலிருந்த அந்தக் கனம்தான் பாலத்தின் மேல் எனக்கும் காற்றுக்கும் நடுவில் இல்லாமல் போனது.

துணி சரியாக அமைந்த பிறகு வெட்டு. இதில் என் முதல் பாடம் நீளம். கோட் முழங்காலை மூடிக் கீழே நான்கு விரற்கடையாவது இறங்க வேண்டும். தொடைவரை மட்டும் வரும் கோட் காரில் போகிறவருக்குச் சரி, ரயிலுக்குக் காத்திருப்பவருக்குச் சரியல்ல. புடவையோ சுடிதாரோ கட்டிச் செல்கிற பெண்கள் இன்னும் நீளமாக, கெண்டைக்கால் வரை எடுப்பது நல்லது. முன்பக்கம் இரண்டு வரிசைப் பொத்தானுடன் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் படியும் டபுள் பிரெஸ்ட் வகை எனக்குப் பிடித்தது அழகுக்காக அல்ல. மார்பின் மேல் துணி இரட்டையாகிறது, பொத்தான் இடுக்கில் காற்று நேராக நுழைய முடிவதில்லை. காலரைத் தூக்கிவிட்டால் காதின் அடிவரை எழும்பி நிற்க வேண்டும், தூக்கிய காலரைத் தொண்டைக்கு முன்னால் பூட்டிக்கொள்ள ஒரு பொத்தான் இருந்தால் மிக நல்லது. கோட்டுக் கை மணிக்கட்டு எலும்பைத் தாண்டிக் கையுறைக்குள் போகும் அளவு இருக்க வேண்டும். பின்பக்கம் நடப்பதற்காக விட்டிருக்கும் பிளவு இடுப்புக்கு அருகிலேயே தொடங்கினால் காற்றில் படபடவென்று திறந்துகொள்ளும். அது கீழே தொடங்கி, இரு பக்கமும் நன்றாக ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கிறதா என்று திருப்பிப் பார்க்க வேண்டும்.

அளவு பார்க்கும்போது சட்டையோடு போட்டுப் பார்த்து வாங்குவதுதான் எல்லோரும் செய்கிற தவறு. குளிர்காலத்தில் அதற்குள் ஒரு தெர்மல் உள்ளாடை, ஒரு சட்டை, ஒரு ஸ்வெட்டர் இருக்கும். ஆகவே ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டே கடைக்குப் போங்கள். கோட்டை மாட்டி எல்லாப் பொத்தான்களையும் பூட்டி, இரு கைகளையும் முன்னால் நீட்டிக் கட்டிக்கொள்ளுங்கள். முதுகு இறுகினாலோ அக்குள் வெட்டினாலோ அளவு சிறியது. இறுகினால் அசௌகரியம் மட்டுமல்ல, உள்ளே நிற்க வேண்டிய காற்றும் பிதுங்கி வெளியேறிவிடுகிறது. மறுபக்கம், அளவுக்கு மீறித் தொளதொளவென்று எடுத்தால் நடக்கும் ஒவ்வோர் அடியிலும் கீழ்வழியாகக் குளிர்காற்றை நாமே துருத்திபோல இழுத்துக்கொள்வோம்.

லைனிங் பற்றிச் சுருக்கமாக: முழுவதும் இருக்க வேண்டும், ஸ்வெட்டரின் மேல் வழுக்கிப் போக வேண்டும், கை நுழைக்கும் இடத்தில் தையல் கிழியாமல் இருக்க வேண்டும். சில கோட்டுகளில் லைனிங்குக்கும் துணிக்கும் நடுவே இன்னொரு மெல்லிய அடுக்கு வைத்திருப்பார்கள். கிள்ளிப் பார்த்தால் மூன்று அடுக்குகள் விரலுக்குத் தெரியும். கிடைத்தால் விடாதீர்கள்.

கம்பளியின் ஒரு குணம் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. தன் எடையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை ஆவியாக உள்ளே வாங்கிக்கொண்டும் தொட்டால் ஈரமாகத் தெரியாது, வாங்கும்போது சிறிது வெப்பத்தையும் வெளிவிடும். கதகதப்பான அலுவலகத்திலிருந்து ஈரப்பனிக்குள் இறங்கும் அந்த முதல் சில நிமிடங்களில் இது உதவுகிறது என்று நினைக்கிறேன். பனித்தூள் விழுந்தால் வாசலில் நின்று உதறினால் போதும். நனைந்துவிட்டால் அகலமான தோளுள்ள ஹேங்கரில் மாட்டி அறைக் காற்றிலேயே உலரவிட வேண்டும், ஹீட்டரின் மேல் போட்டால் துணி சுருங்கி முரடாகும். ஆனால் கொட்டும் மழைக்கு இது உடை அல்ல. நீரை உறிஞ்சிக் கனத்துவிடும். மைனஸ் 15, 20 என்று நாள்கணக்கில் போகும் கனடா போன்ற இடங்களில் வெளியே நெடுநேரம் நிற்க வேண்டியவர்கள் இறகு அடைத்த ஜாக்கெட்டைத்தான் நம்ப வேண்டும். பெர்லினில் ஜனவரியின் சராசரி பூஜ்ஜியத்தை ஒட்டியே இருக்கும், கிழக்குக் காற்று வீசும் சில நாட்களில்தான் மைனஸ் 10-ஐத் தொடும். நடந்து, ரயிலேறி, கட்டடத்துக்குள் நுழைந்து கழற்றி மாட்டும் அந்த வாழ்க்கைக்குக் கனமான கம்பளி ஓவர்கோட் பொருத்தமானது.

உள்ளே போடுவதில் நான் செய்த பிழையையும் சொல்லிவிடுகிறேன். பழக்கத்தில் பருத்தி பனியனையே போட்டு வந்தேன். வேகமாக நடந்தால் வியர்த்து, அந்த ஈரத்தைப் பருத்தி பிடித்துவைத்து, நின்றவுடன் முதுகில் ஈரத்துண்டைப் போர்த்தியது போலாகிவிடும். மெரினோ என்ற ஆட்டினத்தின் மென்மையான கம்பளியில் செய்த மெல்லிய உள்ளாடை இரண்டு வாங்கிய பிறகு அது தீர்ந்தது.

இனி அக்கா மகளின் கோட்டுக்கு வருகிறேன். அதை அப்பாவின் கையில் கொடுத்தோம். அவர் முதலில் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டினார், பிறகு ஜரிகை பார்க்கும் லென்ஸை வைத்துக் குனிந்தார். “பாவு பாலியஸ்டர் மாதிரி இருக்கும்மா, இழை ரொம்ப வழவழன்னு ஒரே சீரா போகுது” என்றார். பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஓடும் இழை, ஊடை குறுக்கே போகும் இழை. கொளுத்தியபோது உருகியது. பிறகு நான் என் மெல்டன் கோட்டைக் கொண்டுவந்து கொடுத்தேன். லென்ஸை ஓரத்தில் வைத்தார், நகர்த்தினார், காலருக்குக் கொண்டுபோனார், உள்மடிப்பைப் புரட்டினார். “என்னடா இது, பாவும் தெரியல, ஊடையும் தெரியல! இது நெய்ஞ்சதா, அடிச்சதா?” என்று கேட்டார். நெய்த பின் அடித்தது என்று சொன்னதும், நீண்ட நேரம் அந்தத் துணியைக் கையிலேயே வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். ஒவ்வோர் ஊடையும் தனித்துத் தெரிய வேண்டும் என்று வாழ்நாள் முழுதும் நெய்தவருக்கு, நெசவே மறைந்துபோகும்படி செய்த ஒரு துணியின் மேல் வந்த மரியாதை அது.

அவளுக்கு நான் சொன்னது இதுதான். அந்தக் கோட்டைக் கடையில் திருப்பிக் கொடு, மாற்றித் தரமாட்டார்கள் என்றால் அந்தப் பணம் போகட்டும். செப்டம்பரில் இறங்கும்போது ஒரு ஸ்வெட்டரும் காற்றுத் தடுப்பு ஜாக்கெட்டும் போதும். அங்கே குளிர் இறங்குவதற்கு முன், அக்டோபர் தொடக்கத்தில், பழைய துணிக் கடைகளிலும் மாவர்பார்க் ஞாயிற்றுச் சந்தையிலும் தேடு. நவம்பர் வந்தால் நல்லவை போய்விடும். பெண்கள் பகுதியில் பெரும்பாலும் மெல்லிய துணியில் இடுப்புப் பட்டி வைத்து அழகாகத் தைத்தவையே அதிகம் இருக்கும், ஆகவே ஆண்கள் பகுதியில் சிறிய அளவுகளையும் பார். தோள் பொருந்தினால் கை நீளத்தைத் தையற்காரரிடம் குறைத்துக்கொள்ளலாம். தோளை மட்டும் மாற்றித் தைக்க முடியாது என்று வைத்துக்கொள், செலவு கோட்டின் விலையைத் தாண்டும்.

திரும்பி வருகிறவர்களுக்கு ஒரு செய்தி மீதமிருக்கிறது. ஊருக்கு வந்த முதல் ஐப்பசியில் என் கோட்டை விமான நிலையத்தில் வாங்கிய பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே பீரோவில் மாட்டிவைத்திருந்தேன். அடைமழை முடிந்து கார்த்திகையில் திறந்தபோது காலரில் சாம்பல் நிறத்தில் பூஞ்சை பூத்திருந்தது, இடது கையில் மிளகளவு ஓட்டை ஒன்று. பூச்சியின் புழு தின்பது ரோமத்திலுள்ள புரதத்தை. வியர்வையோ உணவுக் கறையோ படிந்த இடத்தை அது முதலில் நாடும், அதனால் உள்ளே வைப்பதற்கு முன் டிரை கிளீனிங் செய்துவிட வேண்டும். இப்போது பட்டுப்புடவைக்கு அம்மா செய்வதையே கோட்டுக்கும் செய்கிறேன். பழைய பருத்தி வேட்டியில் சுற்றி, வசம்புத் துண்டுகளையும் காய்ந்த வேப்பிலையையும் தனித் துணியில் முடிந்து பக்கத்தில் வைக்கிறேன். பாச்சை உருண்டை வைத்தால் துணியில் படாமல் வைக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து, நிழலில், தென்னை ஓலைக் காற்றில் அரைநாள் தொங்கவிட்டு, மென்மையான பிரஷ்ஷால் மேலிருந்து கீழாகத் துலக்குகிறேன். ஓட்டையைக் கும்பகோணத்தில் டார்னிங் செய்யும் பெரியவர் ஒருவரிடம் கொடுத்தேன். கோட்டின் உள்மடிப்பிலிருந்தே நான்கு இழைகளை உருவி, அவற்றைக் கொண்டே குறுக்கும் நெடுக்குமாகக் கோத்து, மேலே முள் பிரஷ்ஷால் பஞ்செழுப்பித் தந்தார். 150 ரூபாய் வாங்கினார். எந்தக் கையில் ஓட்டை இருந்தது என்று இப்போது நானே வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.